எக்ஸ்எல் இன்ஜின் கவர்ல அடிச்ச பெயிண்ட் பட்டை பட்டையா உரியுது, வீட்டுலயே ஸ்ப்ரே அடிச்சா நிக்குமா?

ஒட்டன்சத்திரம் எக்ஸ்எல்

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவோட வண்டி, டிவிஎஸ் எக்ஸ்எல் ஹெவி டியூட்டி, 69.9 சிசி டூ ஸ்ட்ரோக். காலையில தோட்டத்துல இருந்து மார்க்கெட்டுக்குத் தக்காளிப் பெட்டியும் முருங்கைக் கட்டும் போகும், திரும்பி வரும்போது உர மூட்டை வரும். இன்ஜின் நல்லா இருக்கு, போர் போட்டு பிஸ்டன் மாத்தியாச்சு, இழுவையில குறை இல்ல. பிரச்சினை வெளிய இருக்கிற ரெண்டு கவர்லயும்தான், மேக்னெட் பக்கமும் கிளட்ச் பக்கமும்.

இன்ஜின் வேலை பார்த்த சமயத்துல பக்கத்துல ஒரு கடையில குடுத்து சில்வர் அடிச்சோம். மழைக்காலம் தாண்டல, உரிய ஆரம்பிச்சிருச்சு. நகத்தை விட்டு நெம்புனா பெரிய பெரிய துண்டா வருது. அடியில அலுமினியத்து மேல வெள்ளை வெள்ளையா ஒரு பொடி. கார்புரேட்டர்ல இருந்து பெட்ரோல் சொட்டுற இடத்துல மட்டும் உரியல, அங்க பிசுபிசுன்னு ஆகி விரலோட ஒட்டிக்கிட்டு வருது.

இந்தத் தடவை நானே அடிக்கலாம்னு இருக்கேன். கம்ப்ரசர் கிடையாது, ஸ்ப்ரே டின்தான். எந்த பெயிண்ட் வாங்கணும்? பிரைமர் வேணுமா? கவரைக் கழட்டாம டேப் ஒட்டி அப்படியே அடிக்க முடியுமா? சிலிண்டரைச் சுத்தி சூட்டை வெளிய விடுற தகடு இருக்கே, அந்த ஃபின்னுக்கும் சேர்த்து அடிச்சா இன்ஜின் சூடேறுமா? காய் பறிப்பு ஓடிட்டிருக்கு, வண்டியை ரொம்ப நாள் படுக்க வைக்க முடியாது. தெரிஞ்சவங்க சொல்லுங்க.


மலைக்கோட்டை டூஸ்ட்ரோக்

நண்பா, ஹார்டுவேர் கடையில ஹீட் ரெசிஸ்டன்ட் அலுமினியம் பெயிண்ட் கேளுங்க, 600 டிகிரி தாங்கும்னு போட்டிருக்கும். என் வண்டி சைலன்சருக்கு அதைத்தான் அடிச்சேன், வருசக்கணக்கா அப்படியே இருக்கு. சைலன்சர் சூட்டையே தாங்குதுன்னா கவர் எல்லாம் அதுக்கு ஒரு விசயமே இல்ல. பிரைமர் தேவையில்ல, டின்னுலயே அப்படித்தான் போட்டிருக்கு.


தாராபுரம் பெயிண்டர்

தம்பி, வணக்கமுங்க. பம்புசெட் பாடியில இருந்து டிராக்டர் பானெட் வரைக்கும் பெயிண்ட் அடிச்சுத்தான் எங்க வீட்டுல அடுப்பு எரியுது. அதனால சித்த நீளமாவே எழுதறேன், பொறுமையாப் படிச்சுக்குங்க.

உங்க கவர் உரிஞ்சதுக்குக் காரணம் அந்த பெயிண்ட் இல்லைங்க. பெயிண்ட் மட்டமா இருந்தா நிறம் மங்கும், பொடியா உதிரும், வெடிப்பு விடும். நகத்துல நெம்புனாப் பெரிய துண்டா வருதுன்னா அது உலோகத்தைத் தொடவே இல்லைன்னு அர்த்தம். இடையில எண்ணெயோ அந்த வெள்ளைப் பொடியோ இருந்திருக்குது, அதுக்கு மேலதான் பெயிண்ட் உக்காந்திருக்குது. இன்ஜின் சூடாகி ஆறி, சூடாகி ஆறி, ஒரு மழை பட்டதும் விட்டுப் போச்சு. நீங்க எவ்வளவு ஒசத்தி டின் வாங்குனாலும் அடியில இதே நிலைமைன்னா இதேதான் நடக்கும். பெயிண்ட்டுக்கு ஆகிற நேரம் கால்வாசி, கழுவுறதுக்கும் தேய்க்கிறதுக்கும் முக்கால்வாசின்னு கணக்கு வெச்சுக்குங்க.

மேல அண்ணன் சொன்ன 600 டிகிரி பெயிண்ட் சைலன்சருக்குச் சரியானதுதானுங்க. ஆனா கவருக்கு வேண்டாம். அது சிலிக்கான் சேர்ந்த பெயிண்ட். காத்துல காய்ஞ்சாப்புல தெரியும், ஆனா உள்ள இறுகணும்னா 200 டிகிரி பக்கம் சூடு ஏறணும். சைலன்சர் வண்டி ஓடும்போதே அந்தச் சூட்டுக்குப் போயிரும், அதனால தானாவே இறுகிக்கும். கவர் அந்தச் சூட்டுக்கு எப்பவும் போகாது. மூட்டை ஏத்திட்டு மார்க்கெட்டுல போய் நின்னதும் கிளட்ச் கவர் மேல ஒரு சொட்டுத் தண்ணி விட்டுப் பாருங்க. மெதுவா ஆவியாகும், அவ்வளவுதான். அதே சொட்டை சிலிண்டர் ஹெட்டுல விட்டா சுர்ருன்னு ஓடும். அவ்வளவு வித்தியாசமுங்க. கவர்ல அந்த பெயிண்ட் கடைசி வரைக்கும் பச்சையாவே கெடக்கும், பெட்ரோல் ஒரு சொட்டு பட்டாத் துடைச்செடுத்தாப்புல வந்துரும். உங்களுக்கு கார்புரேட்டர் பக்கம் பிசுபிசுன்னு ஆச்சே, அடிச்சது அந்த ரகமா இருக்கலாம், இல்ல சாதாரண எனாமலா இருக்கலாம். எதுவா இருந்தாலும் பெட்ரோலுக்கு நிக்காத ரகம்.

கவருக்கு எமன் சூடு இல்ல. பெட்ரோல், அதோட கலக்குற 2டி ஆயில், செருப்பு உரசுறது, உங்களுக்குக் கூடுதலா உரம். அதனால இன்ஜின் எனாமல்னு தனியா வர்ற டின்னாப் பார்த்து வாங்குங்க. 150 டிகிரி தாங்குனாப் போதும், ஆனா பெட்ரோல், ஆயில் தாங்கும்னு டின்னுல எழுதியிருக்கணும்.

இனி கழுவுற வேலை. டேப் ஒட்டி வண்டியிலயே வெச்சு அடிக்கிற யோசனையை விட்டுருங்க. ஓரத்துல, ஸ்க்ரூ குழியில, கவருக்கும் இன்ஜினுக்கும் நடுவுல வெக்கிற பேக்கிங் பிதுங்குற கோட்டுல எண்ணெய் இருந்துட்டே இருக்கும், உரியறது அங்க இருந்துதான் தொடங்கும். கழட்டியே ஆகணும். கியர் ஆயிலை வடிச்சிருங்க. ஸ்க்ரூ தலை மழுங்கிப் போயிருந்தா வெறும் ஸ்க்ரூ டிரைவர் போட்டு மல்லுக்கட்ட வேண்டாம், சுத்தியல்ல தட்டுற இம்பாக்ட் டிரைவர் யார்கிட்டயாவது எரவல் வாங்கிக்குங்க. ஒரு அட்டையில கவர் வடிவத்தை வரைஞ்சு, எந்த ஸ்க்ரூ எங்க இருந்து வந்துச்சோ அந்த எடத்துலயே அட்டையில குத்தி வையுங்க. நீளம் ஒண்ணுக்கொண்ணு மாறும். நீளமானதைக் குட்டையான ஓட்டையில முடுக்குனா அலுமினிய மரை போயிரும், இல்ல அடி தட்டி இன்ஜின் கேஸே விரிசல் விட்டுரும்.

மொதல்ல டீசல் போட்டு பிரஷ்ல தேய்ங்க, மண்ணெண்ணெய் கிடைச்சா இன்னும் நல்லது. அதுக்கப்புறம் பாத்திரம் தேய்க்கிற சோப்பும் சுடுதண்ணியும். நெம்பப் பேரு டீசல்ல கழுவித் துணியில துடைச்சதும் சுத்தமாயிருச்சுன்னு நிறுத்திருவாங்க. டீசலே எண்ணெய்தானுங்களே. சோப்புத் தண்ணிதான் அதை எடுத்துட்டுப் போகும்.

பழைய பெயிண்ட்டுக்கு ரிமூவர் தடவி, சுருங்கி எழும்பினதும் வழிச்செடுங்க. வெட்டவெளியில வெச்சுச் செய்யுங்க, கனமான ரப்பர் கையுறை போடுங்க, மருந்து தோல்ல பட்டா எரிச்சுரும். காஸ்டிக் சோடாவுல ஊறப் போடச் சொல்லி யாராச்சும் சொல்லுவாங்க, கேக்காதீங்க. இரும்புக்குச் சரி, அலுமினியத்தை அது தின்னுரும். நுரை கட்டிக் கறுத்து, பேக்கிங் உக்கார்ற முகம் அரிச்சுப் போச்சுன்னா கவரையே தூக்கித்தான் போடணும். கழிவறை ஆசிட்டும் அப்படித்தான்.

அந்த வெள்ளைப் பொடி அலுமினியம் அரிச்சு வந்ததுங்க. நீங்க உர மூட்டை ஏத்தறீங்கன்னு படிச்சதுமே நினைச்சேன். பொட்டாஷ் ஈரத்தோட அலுமினியத்துல தங்குனா அரிக்கும், உப்புதானே அது. மேலோட்டமாத் தேய்ச்சா போன மாதிரி இருக்கும், குழிக்குள்ள ஒளிஞ்சிருக்கும். எவர்சில்வர் கம்பி பிரஷ் வாங்கித் தேய்ங்க. இரும்புக் கம்பி பிரஷ் வேண்டாம், இரும்புத் துகள் அலுமினியத்துல பதிஞ்சு அப்புறமாத் துருப்புள்ளி எழும்பும். பெரிய குழியை ஊசி விட்டுச் சுரண்டி எடுங்க. குழியை நெரப்பறேன்னு பாடி பட்டி வெக்காதீங்க, இன்ஜின் சூட்டுல விட்டுப் போகும். சின்னச் சின்னக் குழி தெரிஞ்சாத் தெரியட்டும். உழைக்கிற வண்டிதானே.

அப்புறம் உப்புத்தாள். 180 நம்பர்ல ஆரம்பிச்சு 320-ல நிறுத்திக்குங்க. கண்ணாடியாட்டம் மினுக்கணும்னு 1000, 1500-னு போனா பெயிண்ட்டுக்குப் பிடிமானம் இருக்காது.

இப்போ நான் சொல்லப் போறதை முக்கால்வாசிப் பேர் செய்யறதில்ல. வார்ப்பு அலுமினியத்துக்குள்ள கண்ணுக்குத் தெரியாத நுண்துளை இருக்குதுங்க. பல வருசமா ஓடுன வண்டியில அந்தத் துளைக்குள்ள ஆயில் ஏறி இருக்கும். வெளிய எவ்வளவு கழுவினாலும் அது போகாது, பெயிண்ட் அடிச்சு வண்டி சூடாகறப்போ கசிஞ்சு வெளிய வந்து பெயிண்ட்டை அடியில இருந்து தள்ளும். அதனால கவரைச் சூடு பண்ணணும். ஹீட் கன் இருந்தா நல்லது, இல்லைன்னா உச்சி வெயில்ல தகர ஷீட்டு மேல கவுத்து வையுங்க. கையில புடிக்க முடியாத சூடு ஏறட்டும். ஸ்க்ரூ ஓட்டையைச் சுத்தியும், உள்பக்கம் மேடு விட்ட இடத்துக்கு நேரா வெளிப்பக்கமும், கறுப்பாப் புள்ளி புள்ளியா ஈரம் எழும்பும் பாருங்க. ஆறின பிறகு தின்னர்ல துடைங்க. சூடா இருக்கும்போது தின்னர் கிட்டயே போகக் கூடாது, தீப்பிடிக்கும். மறுபடி சூடு, மறுபடி துடைக்கிறது. வெள்ளை பனியன் வேஸ்ட்டுல துடைச்சா துணி வெள்ளையாவே வரணும், அதுவரைக்கும் விடாதீங்க.

சுத்தம் ஆச்சான்னு தெரிஞ்சுக்க ஒரு சோதனை இருக்குது. கவரைச் சாய்ச்சுப் புடிச்சு நல்ல தண்ணி ஊத்துங்க. தண்ணி ஒரே படலமா விரிஞ்சு நின்னாச் சுத்தம். தாமரை இலையில ஓடுறாப்புல முத்து முத்தாப் பிரிஞ்சு ஓடுச்சுன்னா அந்த இடத்துல இன்னும் எண்ணெய் இருக்குதுன்னு அர்த்தம். இந்தச் சோதனை தேறாம நான் எந்த வார்ப்புச் சாமானுக்கும் ஸ்ப்ரே கன்னைத் தொட மாட்டனுங்க.

தேறிட்டா, காய வெச்சு அன்னைக்கே பிரைமர் போடுங்க. வெறுங்கை படக்கூடாது, விரல் ரேகையே எண்ணெய்தான். பேக்கிங் உக்கார்ற முகம், மரை, ஆயில் சீல் உக்கார்ற வளையம், கவரை நேரா உக்கார வைக்கிற டோவல் பின் ஓட்டை இதுக்கெல்லாம் டேப் ஒட்டி ஓரத்தைப் பிளேடுல சீவிருங்க. அலுமினியத்துக்குன்னு எட்ச் பிரைமர் தனியா வருது. அதுல லேசா ஆசிட் இருக்கும், உலோகத்தைக் கடிச்சுப் பிடிச்சுக்கும். கதவு கிரில்லுக்கு அடிக்கிற செவப்பு ஆக்சைடு பிரைமர் இதுக்கு ஆகாதுங்க. எட்ச் பிரைமரைத் தடிமனாப் பூசக் கூடாது. அடியில இருக்கிற உலோகம் மங்கலாத் தெரியணும், அந்த அளவு போதும். அதை அப்படியே நாலு நாள் விட்டு வைக்காம மேல கலர் ஏத்திரணும், ஈரத்தை இழுக்கும் அது.

ஸ்ப்ரே அடிக்கிறது இதுக்கு மேல சுலபமுங்க. டின்னுக்குள்ள இருக்கிற குண்டு சத்தம் கேக்க ஆரம்பிச்சதுக்கு அப்புறமும் ரெண்டு நிமிசம் குலுக்குங்க. கவரைக் கம்பியில மாட்டித் தொங்க விடுங்க. ஒரு ஜாண் தூரத்துல புடிச்சு, கவருக்கு வெளியவே அமுக்க ஆரம்பிச்சு, கவரைத் தாண்டி வெளிய போய் விரலை எடுங்க. நடுவுல ஆரம்பிச்சு நடுவுல நிறுத்துனா அந்த இடத்துல வழியும். மொதல் கோட்டுல முழுசா மறையணும்னு ஆசைப்பட வேண்டாம், தூவலா விழட்டும். பத்து நிமிசம் விட்டு அடுத்தது. மூணு மெல்லிய கோட்டு போதும். அடுத்த கோட்டு எத்தனை நேரத்துக்குள்ள அடிக்கணும்னு டின்னுல போட்டிருக்கும், அதை மட்டும் மீறாதீங்க. பாதி காய்ஞ்ச எனாமல் மேல நேரங்கெட்ட நேரத்துல அடிச்சா சுருங்கி மடிப்பு விழுந்துரும், முழுக்கச் சுரண்டி மொதல்ல இருந்து வரணும். முடிஞ்சதும் டின்னைத் தலைகீழாப் புடிச்சு வெறுங்காத்து வர்ற வரைக்கும் அமுக்குங்க, மூக்கு அடைக்காது.

பொழுது பார்த்து அடிக்கணும். நம்ம பக்கம் ஆடிக் காத்து எப்படின்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல, பாலக்காட்டுக் கணவாய்ல நுழைஞ்சு உடுமலை, தாராபுரம், ஒட்டன்சத்திரம்னு மண்ணை வாரிக்கிட்டு வரும். வெட்டவெளியில அடிச்சா பெயிண்ட்டு பாதி பக்கத்துக் காட்டுக்குப் போகும், மண்ணு பாதி கவர்ல ஒட்டும். ஐப்பசி அடைமழையிலயும் வேண்டாம், காத்துல ஈரம் அதிகம் இருந்தா மேல வெண்மை பூத்துரும். பனி எறங்கி வெயில் ஏறின ஒம்பது, பத்து மணிக்கு, மூணு பக்கம் மறைப்பு இருக்கிற திண்ணையில, தரையில தண்ணி தெளிச்சுப் புழுதி அடங்கினதும் அடிங்க.


ஒட்டன்சத்திரம் எக்ஸ்எல்

அண்ணா, ரொம்ப நன்றி. பழைய உரிஞ்ச துண்டைத் திருப்பிப் பார்த்தேன், அடிப்பக்கம் முழுக்க வெள்ளைப் பொடிதான் ஒட்டியிருக்கு. ரெண்டு சந்தேகம். மேல நிறமில்லாத கிளியர் லேக்கர் அடிக்கணுமா? அப்புறம், ஃபின்னைப் பத்தி நீங்க சொல்லல. இன்னொண்ணு, இவ்வளவு வேலைன்னா வண்டி நிக்குமே, மார்க்கெட்டுக்கு என்ன பண்றது?


கணபதி பவுடர்

கோயமுத்தூர் கணபதியில பவுடர் கோட்டிங் யூனிட் வெச்சிருக்கேன். ஸ்ப்ரே டின்னோட மல்லுக்கட்டுறதுக்கு பவுடர் அடிச்சிருங்க. பெட்ரோல், ஆயில், செருப்பு எதுக்கும் அசையாது. ஆனா தாராபுரம் அண்ணன் சொன்ன நுண்துளை விசயம் எங்க வேலையில இன்னும் பெருசு. 180, 200 டிகிரி அடுப்புல வெக்கும்போது துளைக்குள்ள இருக்கிற காத்தும் எண்ணெயும் கொதிச்சு வந்து மேல ஊசி குத்துன மாதிரி ஓட்டை விழும். அதனால பழைய இன்ஜின் சாமான்னா பவுடர் தூவுறதுக்கு முன்னாடியே வெறும் கவரை ஒரு தடவை அதே சூட்டுல வாட்டி எடுக்கணும். குடுக்கிற இடத்துல இதைக் கேட்டுட்டுக் குடுங்க. ஆயில் சீல், பேரிங், புஷ் எதுவும் உள்ள இருக்கக் கூடாது, சீல் ரப்பர் அந்தச் சூட்டுக்குக் கருகிரும். ஒரு கவர் ரெண்டு கவருக்குன்னு அடுப்பு மூட்ட மாட்டாங்க, அதே கலர்ல வேற லோடு போகும்போது சேர்த்துப் போடுவாங்க. அதுக்கு நீங்க காத்திருக்கணும்.

வண்டி நிக்கிறதுக்கு ஒரு வழி சொல்றேன். எக்ஸ்எல் சாமான் கிடைக்காத ஊரே நம்ம பக்கம் இல்ல. பழைய சாமான் கடையில ஒரு ஜோடி கவர் வாங்கி அதுல நிதானமா வேலை பாருங்க. வண்டி பாட்டுக்கு ஓடட்டும். முடிஞ்சதும் ஒரு மத்தியானத்துல மாத்திக்கலாம். வாங்கும்போது பேக்கிங் முகத்தைக் கண்ணாடி மேல கவுத்து வெச்சுப் பாருங்க. ஆடுச்சுன்னா வளைஞ்சிருக்கு, வேண்டாம்.


தாராபுரம் பெயிண்டர்

கணபதிக்காரர் சொன்னது நல்ல யோசனைங்க. பழைய ஜோடி வாங்கி வேலை பார்த்தா அவசரமில்லாமச் செய்யலாம். அவசரத்துல விடுபடறது சூடு பண்றதும் தண்ணிச் சோதனையும்தான், அது ரெண்டும்தான் உசிரு.

கிளியர் பத்திக் கேட்டீங்க. டின்னுல சாதாரணமாக் கிடைக்கிற கிளியர் லேக்கர் பெட்ரோல் பட்டாக் கரையும். நல்ல இன்ஜின் எனாமல் மேல அதை அடிச்சா, நிக்கிற பெயிண்ட் மேல நிக்காத பெயிண்ட்டை ஏத்துனதா ஆகும். பெட்ரோலுக்கு நிக்கிற கிளியர் ஹார்டனர் கலந்து அடிக்கிற ரெண்டு பேக்கு ரகம். அது நெம்ப நல்லா நிக்கும். ஆனா உங்களுக்கு அதை நான் சொல்ல மாட்டேன் தம்பி. அந்த ஹார்டனர்ல ஐசோசயனேட் இருக்குது. மூச்சுல போனா நெஞ்சுல தங்கி இழுப்பு நோவு வரும், ஒரு தடவை ஒத்துக்காமப் போச்சுன்னா அப்புறம் லேசா வாசம் பட்டாலே மூச்சு முட்டும். எங்க தொழில்ல மூக்குல துண்டு கட்டிக்கிட்டே அடிச்சு, இப்போ படியேற முடியாம உக்காந்திருக்கிறவங்களை நான் பார்த்திருக்கேன். துண்டும் துணி மாஸ்க்கும் தூசியைத்தான் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. மேட் கறுப்பு இல்லைன்னா சாட்டின் கறுப்பு அடிச்சுக்குங்க, கிளியரே தேவைப்படாது. கீறல் விழுந்தாலும் அந்த இடத்தை மட்டும் தேய்ச்சுத் தொட்டு அடிச்சா ஒட்டுப் போட்டது தெரியாது. சில்வர்ல அது முடியாது, திட்டுத் திட்டாத் தெரியும். சாதாரண எனாமலுக்கே வெட்டவெளி வேணும், கரி வடிகட்டி வெச்ச மாஸ்க் போட்டுக்கிட்டா நல்லது. குழந்தைங்க பக்கத்துல இருக்கக் கூடாது.

ஃபின்னுக்கு வர்றேன். மெல்லிசா கறுப்பு அடிச்சா இன்ஜின் சூடேறாதுங்க. வெறும் அலுமினியத்தை விடக் கறுப்புப் பூச்சு வெப்பத்தை நல்லாவே வெளிய விடும். சூட்டை அடைக்கிறது தடிப்பான பூச்சும், ஃபின் இடுக்குல எண்ணெயோட சேர்ந்து இறுகின சேறும்தான். உங்க வண்டி தோட்டத்து வண்டி, இடுக்கு முழுக்கச் செம்மண் இருக்கும். மொதல்ல அதை எடுங்க, பெயிண்ட் அடிக்காட்டியும் பரவால்ல. அடிக்கறதா இருந்தா அங்க கவருக்கு வாங்கின எனாமல் ஆகாது. சிலிண்டர், ஹெட்டு சூட்டுக்கு 250 டிகிரிக்கு மேல தாங்குற ரகம் தனியா வாங்குங்க. சைலன்சருக்கு மலைக்கோட்டை அண்ணன் சொன்ன 600 டிகிரி. மூணு இடம், மூணு சூடு, மூணு பெயிண்ட்.


முத்துநகர் உப்பளம்

தூத்துக்குடி பக்கம். உப்பளத்துக்கு தினமும் எக்ஸ்எல்லதான் போறேன். இங்க பெயிண்ட் அடிச்சு ஒரு எடத்துல கீறல் விழுந்தாப் போதும், அந்தக் கீறல் வழியா உப்பு உள்ள போயி அடியிலேயே அரிச்சிக்கிட்டுப் போவும், மேல இருந்து பாத்தா ஒண்ணும் தெரியாது. அதனால நாங்க பெயிண்ட்டே அடிக்கிறதில்ல. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணி ஊத்திக் கழுவிட்டு, எண்ணெய்த் துணியால ஒரு துடைப்பு. கவர் மங்கலாத்தான் இருக்கும், ஆனா அரிப்பு இல்ல. உர மூட்டை ஏத்துறவரும் இதையாவது செய்யணும். மூட்டை எறக்குன அன்னைக்கே ஒரு வாளித் தண்ணி.


தாராபுரம் பெயிண்டர்

உப்பளத்து அண்ணன் சொன்னது நூத்துக்கு நூறு. கழுவுறது பெயிண்ட் அடிச்ச வண்டிக்கும் வேணும். மூட்டைக்கு அடியில ஒரு தார்ப்பாய்த் துண்டு விரிச்சுக் கட்டுனீங்கன்னா கொட்டுற உரம் இன்ஜின் மேல விழாது.

இன்னொண்ணு. கவரை எடுத்த கையோட இன்ஜின் கேஸையும் தேய்ச்சு அடிச்சிரலாம்னு தோணும். கேஸ்ல குத்தியிருக்கிற இன்ஜின் நம்பர் மேல கம்பி பிரஷ்ஷோ உப்புத்தாளோ படவே கூடாது. அந்த இடத்துக்கு டேப் ஒட்டிருங்க. பதினஞ்சு வருசம் ஆன வண்டிக்கு ஆர்சி புதுப்பிக்கப் போனா ஆர்டிஓ ஆபீஸ்ல நம்பரைப் பார்ப்பாங்க. தேய்ஞ்சு போயிருந்தா திருட்டு வண்டியோன்னு சந்தேகம் வரும், அலையறது உங்கப்பாதான். கவர் கறுப்பா மாறுனதுக்கு ஆர்சியில ஒண்ணும் மாத்த வேண்டியதில்ல, வண்டி பாடி நிறம் மாத்துனாத்தான் அந்த வேலை.

மாட்டும்போது பழைய பேக்கிங்கைத் திரும்பப் போடாதீங்க. முகத்துல ஒட்டியிருக்கிறதை பிளாஸ்டிக் துண்டால சுரண்டுங்க, உளி வேண்டாம். புது பேக்கிங், முகம் லேசா அரிச்சிருந்தா கசிவை அடைக்கிற அனபாண்ட் பசை மெல்லிசா ஒரு பூச்சு. தலை மழுங்கின ஸ்க்ரூவுக்குப் பதிலா ஆலன் போல்ட் போட்டுக்குங்க, எவர்சில்வர் போல்ட்டா இருந்தா மரையில கிரீஸ் தொட்டுப் போடுங்க, இல்லைன்னா உங்க உரத்து ஈரத்துக்கு போல்ட் அலுமினியத்தோட இறுகிக்கும். எதிரெதிர் மூலையா, கொஞ்சம் கொஞ்சமா முடுக்குங்க. போல்ட்டுக்கு அடியில வாஷர் போடுங்க, தலை சுத்தும்போது புது பெயிண்ட்டைக் கிழிக்காது. கியர் ஆயில் ஊத்த மறந்துராதீங்க.

பெயிண்ட் அடிச்ச மறுநாளே மார்க்கெட் லோடு ஏத்த வேண்டாம். டின்னுல எத்தனை நாள் போட்டிருக்கோ அத்தனை நாள் வெயில் படற இடத்துல தொங்கட்டும். உங்களுக்குத்தான் மாத்துக் கவர் இருக்குமே. மாட்டினதும் அஞ்சு நிமிசம் ஓட விட்டு ஆற விடுங்க, அப்புறம் பத்து நிமிசம். பெயிண்ட் வாசம் வரும், அது இறுகுற வாசம், பயப்பட வேண்டாம். புகை வந்தா நிறுத்திருங்க.

அந்த கார்புரேட்டர் சொட்டை நிறுத்திட்டுத்தான் புதுக் கவர் மாட்டணும். கார்புரேட்டருக்குள்ள பெட்ரோலை அடைக்கிற ஃப்ளோட் ஊசி தேய்ஞ்சிருக்கும், இல்ல பெட்ரோல் திறந்து மூடுற குழாய்ல வாஷர் போயிருக்கும். ரெண்டும் பெரிய செலவு இல்ல.


ஒட்டன்சத்திரம் எக்ஸ்எல்

திண்டுக்கல்ல ஒரு பழைய சாமான் கடையில ஜோடி கவர் சொல்லி வெச்சாச்சு அண்ணா, கண்ணாடியில வெச்சுப் பார்த்துத்தான் வாங்குவேன். ஃப்ளோட் ஊசி நாளைக்கே மாத்திடறேன். எட்ச் பிரைமர் இங்க ஹார்டுவேர் கடைகள்ல கேட்டா செவப்பு ஆக்சைடைத்தான் எடுத்து நீட்டுறாங்க. எங்க கேக்கணும்?


தாராபுரம் பெயிண்டர்

ஹார்டுவேர் கடையில கிடைக்காதுங்க. கார் பெயிண்ட் கலர் கலந்து குடுக்கிற கடைக்குப் போங்க, டிங்கரிங் பட்டறைக்காரங்க வாங்குற கடை. திண்டுக்கல்ல கவர் வாங்கப் போறப்போ அங்கயே ஏதாச்சும் ஒரு டிங்கரிங் பட்டறையில விசாரிச்சா வழி சொல்லுவாங்க. அலுமினியத்துக்கு எட்ச் பிரைமர், ஸ்ப்ரே டின்னுல வேணும்னு கேளுங்க. டின் இல்லைன்னு ரெண்டு டப்பா தனித்தனியா குடுத்தாங்கன்னா அது கலந்து கன்னுல அடிக்கிறது, உங்களுக்கு ஆகாது. அப்படின்னா தேய்ச்சுச் சுத்தம் பண்ணின கவரைப் புதுத் துணியில சுத்தி அந்தப் பட்டறைக்கே எடுத்துட்டுப் போயி, பிரைமர் மட்டும் ஒரு கோட்டு அடிச்சுக் குடுக்கச் சொல்லுங்க. வெளிய இருக்கிற வேற வண்டிக்கு அடிக்கும்போது சேர்த்து அடிச்சுருவாங்க. போறதுக்கு முன்னாடி தண்ணிச் சோதனையை நீங்களே பார்த்துக்குங்க, அங்க யாரும் பார்க்க மாட்டாங்க.